தவறித் தவறி வெடிக்கும் எஞ்சின்

கிராமத்துச் சாலையில் போகும்போது சின்ன அருங்காட்சியகம் ஒன்றின் பலகை கண்ணில் படுகிறது. இறங்கிப் பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை, ஓரமாகத் துருப்பிடித்த கலப்பைகள், ஆள் நடமாட்டமே இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது பின்பக்கமிருந்து ஒரு சத்தம்: ‘டப்!’ அப்புறம் ‘ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்...’ நின்றே போய்விட்டதோ என்று தோன்றும் நேரத்தில் மறுபடியும் ‘டப்!’

முதல்முறை கேட்பவர்கள் அதை உயிர் போகிற எஞ்சின் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு குறையும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் தானியம் அரைக்கவும் ஓடிய ‘ஹிட் அண்ட் மிஸ்’ எஞ்சின் அது. ‘டப்’ என்பது எரிபொருள் வெடித்த சுற்று. ‘ஃபுஸ்’ என்பதெல்லாம் வேண்டுமென்றே வெடிக்காமல் விட்ட சுற்றுகள்.

காரில் வேகத்தைக் குறைக்கக் காலை எடுக்கிறோம். ஒவ்வொரு வெடிப்பும் சற்றுச் சின்னதாகிறது. இந்த எஞ்சினுக்குச் சின்ன வெடிப்பு என்ற ஒன்றே தெரியாது. வெடித்தால் முழுதாக வெடிக்கும், இல்லாவிட்டால் சும்மா சுற்றும். எப்போது வெடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இரண்டு இரும்புக் குண்டுகளும் ஒரு ஸ்பிரிங்கும்தான்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள் (தளர்ந்த துப்பட்டா, சட்டை நுனியெல்லாம் சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்). இரண்டு பக்கமும் ஆளின் இடுப்புயரத்துக்குக் கனமான ஃப்ளைவீல்கள். அதில் ஒன்றின் உட்புறம் கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் குண்டுகள் இருக்கும். சக்கரம் வேகமெடுத்தால் குண்டுகள் வெளிப்பக்கம் விரிகின்றன, ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவதைப் போல. விரியும் குண்டுகள் ஒரு நெம்புகோலைத் தள்ளுகின்றன. அதன் நுனியில் இருக்கும் கொக்கி, புகைபோக்கி வால்வைத் திறக்கும் தண்டில் போய் மாட்டிக்கொள்கிறது. வால்வு திறந்தபடியே நின்றுவிடுகிறது.

அவ்வளவுதான் தந்திரம். மீதியெல்லாம் தானாக நடக்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வைத் திறக்க இந்த எஞ்சினில் தனித் தண்டு கிடையாது. ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதை மூடிப் பிடித்திருக்கும். பிஸ்டன் பின்னால் போகும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறக்கும். புகைபோக்கி வால்வு திறந்திருந்தால் உறிஞ்சல் எங்கிருந்து வரும்? பிஸ்டன் வெளிக்காற்றை அந்த வழியாகவே இழுத்து, அந்த வழியாகவே ஊதிவிடுகிறது. அந்த மூச்சுதான் நமக்கு ‘ஃபுஸ்’. எரிபொருள் ஒரு சொட்டுகூட உள்ளே வராது. காற்றை அழுத்தும் வேலையும் இல்லாததால் சக்கரங்கள் தடையில்லாமல் உருள்கின்றன.

உராய்வு மெல்ல மெல்ல வேகத்தைத் தின்கிறது. குண்டுகள் உள்ளே சுருங்குகின்றன, கொக்கி விலகுகிறது, வால்வு ‘டக்’கென்று மூடுகிறது. அடுத்த இழுப்பில் உறிஞ்சல், எரிபொருள், அழுத்தம், தீப்பொறி, ‘டப்!’ வேகம் ஏறியதும் மறுபடியும் கொக்கி விழுகிறது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஆனாலும் தன் வேகத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் இயந்திரம். இன்றைய எஞ்சினில் இதே முடிவை எடுப்பது மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சில்லு. இங்கே அந்த முடிவு எடுக்கப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இந்த எஞ்சின் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

காதாலும் அளக்கலாம். சும்மா ஓடும்போது ‘டப்’களுக்கு நடுவே நிறைய ‘ஃபுஸ்’ கேட்கும். அறுக்கும் ரம்பத்தை மாட்டினால் அவை குறையும். முழுப் பளுவில் ‘ஃபுஸ்’ஸே காணாமல் போய், இரண்டு சுற்றுக்கு ஒரு ‘டப்’ என்று சீராக அடிக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது பிஸ்டனின் நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை வெடிப்பது, அதற்குமேல் வெடிக்க முடியாது. அதாவது, மீட்டர் எதுவும் இல்லாமலேயே எஞ்சின் எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணிவிடலாம். வேலை குறைவாக இருக்கும்போது எரிபொருளும் குறைவாகவே குடிப்பதால் பண்ணைக்காரர்களுக்குச் சிக்கனம். ஜெனரேட்டரில் மாட்டினால்தான் வம்பு: ஒவ்வொரு ‘டப்’புக்கும் பல்பு கண் சிமிட்டும். ஜான் டீர் நிறுவனத்தின் ‘ஈ’ மாடல் இந்த வகைதான். 1923 முதல் 1946 வரை விற்றது.

மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவி பறப்பதைப் பார்த்து யாராவது பதறுவார்கள். அதுவும் கோளாறு இல்லை, அதுதான் ரேடியேட்டர். ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 335 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் முழுக்க ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் ஆவி அள்ளிக்கொண்டு போகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. பம்ப் இல்லை, விசிறி இல்லை. அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி.

அப்புறம் பெல்ட். எஞ்சினிலிருந்து கதிரடிக்கும் இயந்திரத்துக்குத் தட்டையான நீளப் பெல்ட் ஓடும். புல்லியில் விளிம்பும் கிடையாது, பள்ளமும் கிடையாது. பின்னே அது ஏன் நழுவி விழுவதில்லை? எஞ்சின் நின்றிருக்கும்போது அனுமதி கேட்டுவிட்டு, புல்லியின் குறுக்கே விரலை ஓட்டிப் பாருங்கள். நடுப்பகுதி லேசாக மேடாக இருக்கும். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் சரிவில் படிந்து, மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து வளைகிறது. அடுத்து வரும் பகுதி அதனால் இன்னும் கொஞ்சம் மேட்டருகே வந்து தொடுகிறது. இப்படி ஏறி ஏறி நடுவுக்கே வந்துவிடும். பெல்ட் தாழ்ந்த பக்கம் வழுக்கிவிடும் என்றுதான் நம் மனசு சொல்கிறது, அதுவோ ஏறுகிறது.

சில கொட்டகைகளில் ஊதுவிளக்கு வைத்து எஞ்சினின் மூக்கைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள். அது இன்னொரு சாதி. 1921இல் ஜெர்மன் பொறியாளர் ஃப்ரிட்ஸ் ஹூபர் வடிவமைத்த லான்ஸ் புல்டாக் டிராக்டரில் ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைத்திறன். தீப்பொறிக்கு ஏற்பாடே கிடையாது. பழுக்கக் காய்ந்த இரும்புக் குமிழில் எண்ணெய் பட்டுப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் எந்தத் திசையில் வேண்டுமானாலும் சுற்றும் என்பதால், அந்த முதல் மாடல்களில் பின்னால் போக எஞ்சினையே தலைகீழாகச் சுற்றவிட்டார்கள்!

இதையெல்லாம் ஓடும்போது பார்க்க வேண்டுமென்றால் நாள் பார்த்துப் போக வேண்டும். சின்ன அருங்காட்சியகங்களில் பல, தன்னார்வலர்களை நம்பியே இருப்பவை. இயந்திரங்களை ஓட்டுவது வருடத்தில் சில நாட்கள் மட்டும். போகுமுன் எது என்றைக்கு ஓடும் என்று கேட்டுவிடுங்கள். பெயர்ப்பலகை இல்லாத இயந்திரம் கண்ணில் பட்டால் வார்ப்பிரும்பின் மேல் தடவிப் பாருங்கள். உடைந்த பாகத்தைக் கேட்டு வாங்குவதற்காகப் பாகத்தின் மீதே அதன் அடையாள எண்ணைப் பொறித்து வார்த்திருப்பார்கள். சில சமயம் காப்புரிமைத் தேதியும் இருக்கும். அந்த எண்ணை வைத்தே தயாரித்தவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

கடைசிவரை நில்லுங்கள். எரிபொருள் குழாயை மூடிய பிறகும் எஞ்சின் உடனே நிற்காது. ஃப்ளைவீல்கள் சேமித்துவைத்ததைச் செலவழித்துக்கொண்டு ‘ஃபுஸ், ஃபுஸ்’ என்று உருளும். வேகம் குறைந்ததும் கொக்கி வழக்கம்போல விலகி வால்வு மூடும். ஆனால் இந்தமுறை வெடிக்க எதுவும் இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்திப் பார்க்கும், தாண்ட முடியாமல் போகும், அந்தக் காற்றே அதைத் திருப்பித் தள்ளும். இரண்டு பெரிய சக்கரங்களும் ஒருமுறை பின்னால், ஒருமுறை முன்னால் ஆடிவிட்டு அசையாமல் நிற்கும்.