பிறபொருளெதிரி

இரத்த அறிக்கையில் ‘அன்ரி எச்பிஎஸ் பொசிட்டிவ்’ என்று கண்டால், மட்டக்களப்பில் வீட்டார் முதலில் கேட்பது: “புள்ளைக்குச் செங்கமாரியா?” இல்லை. நல்ல செய்திதான்: ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி வைரசுக்கு எதிரான அன்ரிபொடி இரத்தத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். குழப்பம் சொல்லில் இருக்கிறது.

அன்ரிபொடி என்பதன் மூலம் ‘அன்டிகோர்ப்பர்’ என்ற ஜெர்மன் சொல். 1891இல் போல் ஏர்லிக் அதைப் பயன்படுத்தினார். நேரே தமிழாக்கினால் ‘எதிருடல்’ என்றாகும். எதற்கு எதிர், யாருடைய உடல் என்று ஒன்றும் விளங்காது. நம் பாடநூல்களின் ‘பிறபொருளெதிரி’ அதைவிடத் தெளிவு: வெளியிலிருந்து வந்த பொருளுக்கு எதிரி, நமக்கல்ல. அதை உருவாக்கத் தூண்டும் அன்ரிஜென், பிறபொருளெதிரியாக்கி. வாய்க்குள் அடங்காத நீளம்தான், ஆனால் வேலையைச் சரியாகச் சொல்கிறது. நோய் அணுகாத நிலைக்கு ‘நிர்ப்பீடனம்’: நிர், இன்மை, பீடனம், துன்பம்.

இனி அறிக்கை. எச்பிஎஸ்ஏஜி என்பது ஹெப்பரைற்றிஸ் பி வைரசின் மேற்பரப்புப் பிறபொருளெதிரியாக்கி. அது பொசிட்டிவ் என்றால் தொற்று உடலில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால் நாட்பட்டது. (தடுப்பூசி போட்டு மூன்று வாரத்துக்குள் பார்த்தால் ஊசியின் புரதமே பொய்யாகக் காட்டலாம்.) அன்ரி எச்பிஎஸ் அதற்கெதிரான பிறபொருளெதிரி. ஊசியாலும் வரும், நோய் வந்து மாறினாலும் வரும். எதனால் என்பதை அன்ரி எச்பிசி பிரித்துக்காட்டும். ஊசியில் மேற்பரப்புப் புரதம் மட்டுமே இருப்பதால், வைரசின் உட்கருவுக்கெதிரான இந்தப் பிறபொருளெதிரி தொற்றினால் மட்டும்தான் உண்டாகும்.

எண்ணைப் பார்ப்பதில்தான் அதிகம் பிழைக்கிறார்கள். 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கும்போது மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் நிர்ப்பீடனம் உண்டு. அப்போதே 10க்குக் கீழ் என்றால் மூன்று ஊசியையும் மறுபடி போட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போதும் ஏறாவிட்டால் எச்பிஎஸ்ஏஜி பார்க்க வேண்டும். தொற்று இல்லையென்றால், வேலையிடத்தில் தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமாகக் கிடைக்கும் பிறபொருளெதிரி) தேவைப்படும் ஆள் அவர்.

குழந்தையில் ஊசி போட்டுக்கொண்டவர் தாதியர் பயிற்சிக்குப் போகும் வயதில் 4 என்று வந்தால் கதை வேறு. இரத்தத்தில் அளவு இறங்கினாலும், பிறபொருளை அடையாளம் வைத்திருந்து மீண்டும் எதிரியை உருவாக்கும் நினைவுக்கலங்கள் பெரும்பாலும் இருக்கும். ஒரு ஊசி போட்டு, ஒன்று, இரண்டு மாதத்தில் பார்த்தால் எண் எகிறும். ஆகவே ‘பொசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதிய அறிக்கையை ஏற்காமல், எண்ணையும் கடைசி ஊசியின் திகதியையும் சேர்த்தே வைத்தியரிடம் காட்டுங்கள்.