உறவுக்கு அப்புறம் சொல்லலாம், கிளினிக்குக்கு முதலில் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளை, பிறந்த முதல் மணி நேரத்திலேயே பார்க்கிற வேலை. இளம் தாய்மார்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். கூட வருகிற ஆயாக்களில், அதாவது பாட்டிமார்களில், சிலர் மட்டும் நான் திருநெல்வேலிக்காரி என்று தெரிந்ததும் ஆசையாகத் தமிழுக்கு மாறுவார்கள்.

அப்படி ஓர் ஆயா ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "பிள்ளை நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கான்? அவனுக்கு எதுக்கும்மா ஊசியும் டியூபும்?"

(அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தப் பிள்ளை 37 வாரத்தில் பிறந்தவன், எடை 4.3 கிலோ. பிறந்து ஒரு மணி நேரத்தில் அவன் ரத்தச் சர்க்கரை 1.4. இங்கே மில்லிமோல் கணக்கில் சொல்வோம். ஊரில் சொல்லும் மில்லிகிராம் கணக்கு வேண்டுமென்றால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 25 வரும். 2.6க்குக் கீழே இறங்கினாலே நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். கையும் காலும் நடுங்கின, மூச்சு வேகமாக ஓடியது. மூன்று நாள் டிரிப் ஏற்றி, நான்காம் நாள்தான் அவனை முழுக்கத் தாய்ப்பாலுக்குக் கொண்டுவர முடிந்தது.

ஆயாவை உட்காரவைத்து விளக்கினேன். பிள்ளையின் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ரத்தச் சர்க்கரை கூடியிருந்தது, அதன் விளைவுதான் இது. அம்மாவின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஆனால் அம்மாவின் இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்காது, உடம்பை வளர்க்கவும் செய்யும். தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும், ஈரலும் இதயமும்கூடப் பெரிதாகலாம். நாம் கொழுகொழு என்று கொஞ்சுவது இதைத்தான். பிரசவத்தில் தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது, இன்சுலின் சுரப்பு உடனே நிற்பதில்லை. அதனால்தான் அந்த முதல் மணி நேரச் சரிவு. இதே இன்சுலின் நுரையீரல் பக்குவப்படுவதையும் தாமதப்படுத்தும், அதனால் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்ளும். டென்மார்க்கைச் சேர்ந்த பெடர்சன் என்ற மருத்துவர் 1950களில் கொடுத்த விளக்கம் இது. இன்றும் அடிப்படையில் அதுவே நிற்கிறது.

ஆயா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இது எப்ப ஆரம்பிச்சது?"

சரியான கேள்வி. தாயின் அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வருகை, இங்கே 'புக்கிங்' என்பார்களே, அது 21ஆம் வாரத்தில்தான் நடந்திருக்கிறது. அன்று சிறுநீரில் மட்டும் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், இல்லை என்று எழுதியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை 29ஆம் வாரத்தில்தான், சர்க்கரை தெரியவந்ததும் அப்போதுதான். அதற்குள் குழந்தை பல வாரம் இன்சுலின் சுரந்திருக்கும். கருவின் கணையம் முதல் மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுநீரில் இல்லை என்பதை வைத்து ரத்தத்திலும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. இந்தச் சோதனை பலரை ஏமாற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் 21 வாரம் ஆனது? ஆயாவே சொன்னார்: "மூணு மாசம் முடியட்டும்னு யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் புரட்டாசி வந்துடுச்சு." கண் படும், கரு தங்காமல் போய்விட்டால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் என்னிடம் அதையேதான் சொன்னார். மறைத்துவைக்கும் வழக்கத்தில் நான் தலையிட மாட்டேன். உறவுக்காரர்களிடம் மறைத்துக்கொள்ளுங்கள், கோயிலில் யாருக்கும் சொல்ல வேண்டாம். கிளினிக்கிடம் மட்டும் மறைக்காதீர்கள். அரசுக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு 1994 முதல் கட்டணம் கிடையாது, எனவே செலவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரு உருவாகி 28 நாளுக்குள் தண்டுவடக் குழாய் மூடிவிடும். அந்த நேரத்தில் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதுகூடச் சிலருக்கு உறைத்திருக்காது. இதயத்தின் அறைகள் பத்தாவது வாரத்துக்குள் பிரிந்துவிடும். ஏற்கனவே சர்க்கரை நோய் இருந்து, அது தெரியாமலே கருத்தரித்த பெண்ணுக்கு, இந்த வாரங்களில் சர்க்கரை எகிறியிருந்தால் தண்டுவடத்திலும் இதயத்திலும் பிறவிக் குறை வருகிற ஆபத்து கூடுகிறது. கர்ப்பத்தின் பின்பகுதியில் வருகிற லேசான சர்க்கரையால் இந்தக் குறைகள் வருவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து கோதுமை மாவிலும் சோள மாவிலும் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகக் கலக்கிறார்கள், தண்டுவடக் குறைகள் அதனால் குறைந்தன. அதற்காக மாத்திரை தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான 400 மைக்ரோகிராம் போதாது, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே 5 மில்லிகிராம் தருவார்கள்.

நம் பெண்கள் அடிக்கடி சொல்வது, "நான் ஒல்லிதானே டாக்டர்." புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவரின் குழுவினர் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5. ஆனால் எடை குறைந்த அளவுக்கு நம் குழந்தைகளிடம் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த உடம்பு, உள்ளே கொழுப்பு. கப்பலேறி நேட்டாலுக்கு வந்து ஐந்தாறு தலைமுறை ஆகியும் இந்த உடல்வாகு நம்மோடுதான் இருக்கிறது. ஒல்லியாக இருப்பதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு தடயம் இதைவிட முக்கியமானது. இந்தப் பெண்ணின் முதல் குழந்தை 4.1 கிலோ. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கேப் டவுனில் வேலை பார்த்த ஜாக்சன் என்ற மருத்துவர், பின்னாளில் சர்க்கரை நோய் வரப்போகிற பெண்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பெரிய குழந்தைகளைப் பெற்றிருப்பதை 1950களிலேயே எழுதிவைத்தார். நம் நாட்டிலேயே கண்டறிந்த விஷயம் இது. 4 கிலோவைத் தாண்டிய முதல் குழந்தை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை, முன்பு காரணம் தெரியாமல் வயிற்றிலேயே இறந்த பிள்ளை, நீர்க்கட்டி என்கிற பிசிஓஎஸ்: இதில் ஒன்று இருந்தாலும் புக்கிங் அன்றே சொல்லிவிடுங்கள். நர்ஸ் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கே வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், கேட்க மறந்துபோகலாம்.

என்ன பரிசோதனை? வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை. 7.0 அல்லது அதற்கு மேல் என்றால், பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே இருந்த நோய்தான். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தாலும் அப்படித்தான். வாந்தி அதிகமிருந்தால் குளுக்கோஸ் குடிக்கிற சோதனை நரகமாக இருக்கும், அப்போது எச்பிஏ1சி உதவும். ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணை முழுசாக நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அளவுகோலில் 5.1 முதல் 6.9 வரை கர்ப்பகாலச் சர்க்கரை. தொடக்க வாரங்களுக்கும் அதே 5.1ஐ வைக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் இருக்கிறதா? இந்தியா, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 802 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 20 வாரத்துக்கு முன்பே சிகிச்சை தொடங்கியவர்களில் 24.9 சதவீதக் குழந்தைகளுக்கும், தள்ளிப்போட்டவர்களில் 30.5 சதவீதக் குழந்தைகளுக்கும் பிறப்பைச் சுற்றிய சிக்கல்கள் வந்தன. பிரமாண்டமான வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிரிப்போடு படுத்திருக்கிற குழந்தையின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது எனக்குச் சிறியதாகத் தெரியவில்லை. இதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது: சர்க்கரை லேசாகவே இருந்தவர்களில், சீக்கிரமே கட்டுப்படுத்தியபோது எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. ஆகவே பட்டினி கிடக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். புரட்டாசியில் அசைவத்தை விடுகிறோம், நல்லது. ஆனால் அந்த இடத்தில் பூரி, உருளைக்கிழங்கு, பாயசம் என்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. விரதத்தை விட வேண்டாம். சுகர் பீன்ஸ் (பெயரில்தான் சுகர், இது ஒரு பயறு வகை) குழம்பு, பருப்பு, கீரை, தயிர் ஆகியவற்றை முதலில் தட்டில் வையுங்கள். சோறு ஒரு கரண்டி, அதுவும் கடைசியில். விரதம் இல்லாத நாளில் முட்டையோ டின் மீன் குழம்போ போதும், ஆட்டுக்கறி தேவையில்லை. கூல்டிரிங்க்கை நிறுத்திவிட்டு 'பழச்சாறுதானே' என்று பெட்டி ஜூஸுக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ரத்தத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். தெருவில் நடக்கப் பயமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். இதற்கும் சர்க்கரை அடங்கவில்லையென்றால் மெட்ஃபார்மின் மாத்திரை, இன்சுலின் இருக்கின்றன. இன்சுலின் ஊசி போட வேண்டிவந்தால் அது உங்கள் தோல்வி அல்ல.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு வரை அதிகம். பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசியும் அதே வாரம்தான். பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். இதை நினைத்தால் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் கொழுகொழுப் பயல் ஆறாவது வாரம் வந்தபோது கணக்காகப் பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அன்றே தன் ரத்தத்தையும் கொடுத்தாள். கூட வந்திருந்த அவள் நாத்தனார், எல்லோரும் வெளியே போனபின் கதவருகே தயங்கி நின்றாள்.

"ஏழு வாரம். வீட்ல யாருக்கும் இன்னும் தெரியாது டாக்டர்."

"யாருக்கும் சொல்ல வேண்டாம்மா. நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஏழரை மணிக்கே வந்து காத்திருந்தாள். சர்க்கரை 5.6. அன்றைக்கே உணவியல் நிபுணரிடம் அனுப்பிவைத்தேன்.