டிங்கரிங்: ஒடுக்கெடுப்பு என்று ஏன் சொல்லக்கூடாது?

பழைய காரைப் புதுப்பிக்க இறங்கியவர் காதில் முதல் நாளே விழும் சொல் டிங்கரிங்: பள்ளம் விழுந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தும் வேலை. "டிங்கரிங் முடிஞ்சாத்தான் பெயின்ட்" என்பார்கள். ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஓர் ஆங்கிலேயரிடம் இதைச் சொன்னால் விழிப்பார். அவருக்கு டிங்கரிங் என்பது எதையாவது கழற்றி, மாட்டி, நோண்டிக்கொண்டிருப்பது. நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்துபவரை அவர் பேனல் பீட்டர் என்பார்.

டிங்கர் என்பவர் ஆதியில் ஓட்டைப் பானைகளையும் சட்டிகளையும் அடைத்துக் கொடுத்து ஊர் ஊராய்ப் போனவர். 13-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இந்தத் தொழிற்பெயர் வழங்கியது. சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் முடிவில்லை. வெள்ளீயத்தைக் குறிக்கும் டின்னிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. உலோகத்தில் சுத்தி விழும் 'டிங்' ஓசையே பெயராயிற்று என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், காரணம் பின்னால் வருகிறது. அலைந்து திரிந்த அந்தக் கைவேலைக்காரர்மேல் ஊருக்கு மதிப்பில்லை. அதனால் அவர் பெயரில் பிறந்த வினைச்சொல்லும் 17-ஆம் நூற்றாண்டுக்குள் 'அரைகுறையாக நோண்டுதல்' என்று தாழ்ந்துவிட்டது. நம் பக்கம் வந்த டிங்கரிங் மட்டும் பழைய தொழிலை விடாமல், சட்டியிலிருந்து காருக்கு ஏறிக்கொண்டது.

தமிழிலும் சொல் அதே சட்டிபானைப் பக்கம்தான் கிடக்கிறது: ஒடுக்கு. கீழே விழுந்த குடத்தில் விழும் பள்ளம் ஒடுக்கு; அதைச் சரிசெய்வது ஒடுக்கு எடுத்தல். இருப்பதை விட்டுப் 'பள்ளநீக்கம்', 'உடற்தகடு சீரமைப்பு' என்று புதிதாக உருட்டித் திரட்ட வேண்டியதில்லை. தொழிலை ஒடுக்கெடுப்பு என்றே சொல்லலாம். இதில் 'எடுத்தல்' என்ற வினையைக் கவனியுங்கள். சுளுக்கு எடுத்தல் என்கிறோமே, அதே எடுத்தல்தான். பிசகியதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது.

வேலையும் அப்படித்தான். தகட்டின் உட்புறம் டாலி என்ற கனத்த இரும்புக் கட்டியை இடக்கை பிடித்திருக்கும். வெளியே வலக்கை சுத்தியால் தட்டும். சுத்தி நேராக டாலிமேல் விழுந்தால் 'டிங்' என்று கணீரென்று கேட்கும். விலகி விழுந்தால் 'தொப்' என்று சத்தம் செத்துப்போகும். தேர்ந்த கை உள்ளே பார்ப்பதில்லை, காதாலேயே டாலியைத் தேடிக்கொள்ளும். டாலிமேல் அடிக்க அடிக்கத் தகடு மெலிந்து விரியும். மேட்டைத் தணிக்க வேண்டுமானால் டாலியைப் பக்கத்துப் பள்ளத்துக்கு அடியில் வைத்து மேட்டில் தட்டுவார்கள். அளவுக்கு மீறி விரிந்த தகட்டை ஒரு புள்ளியில் சூடாக்கி, ஆறவைத்துச் சுருக்குவார்கள்.

ஒடுக்கு, நெளிசல், நசுங்கல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ஒடுக்கு ஓரிடத்துப் பள்ளம். நெளிசல் தகடு முழுக்க அலையலையாக ஓடுவது. மடிப்பு விழுந்துவிட்டால் அது நசுங்கல். பல நேரம் வெட்டி ஒட்டத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்து பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை. ஆங்கிலப் புட்டிதான் பட்டியானது. அதன் மூலம் 'ஒரு பானை நிறைய' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல், அங்கேயும் பானை! 'பட்டி பார்த்தல்' தமிழில் நன்றாகவே வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம். பூரணச்சாந்து போன்ற மாற்றுகள் அகராதியைத் தாண்டப்போவதில்லை. ஆனால் ஒடுக்கு எடுப்பது வேறு, பட்டியால் மூடுவது வேறு. தட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சிறு பள்ளத்துக்குத்தான் பட்டி; 3 மில்லிமீட்டருக்குமேல் தடித்தால் நாளாவட்டத்தில் வெடிக்கும், பெயர்ந்து வரும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இரும்புத் தகட்டில் நகர்த்திப் பாருங்கள், பட்டி தடித்த இடத்தில் பிடிக்காது. பாலியெஸ்டர் பட்டி வருமுன் ஈயத்தை உருக்கி நிரப்பினார்கள்: சுமார் 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம். காரீய நஞ்சுக்குப் பயந்தே இன்று பலர் அதைத் தொடுவதில்லை.

பெயின்ட்டுக்கு வண்ணம், சாயம் என்று இரண்டையும் எழுதுகிறார்கள். சாயம் ஊறுவது; தகட்டில் எதுவும் ஊறாது, மேலே படிவதுதான். ஆகவே வண்ணப்பூச்சு சரி. பூச்சு என்றால் பிரைமர் அடிப்பூச்சாகவும், நிறமற்ற கிளியர் மேற்பூச்சாகவும் தானே அமைந்துவிடும். டியூபான்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு 1924 மாடல் ஓக்லாந்து காரில் வந்தபோது, நாள்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்குக்கு இறங்கியது. அந்தக் காலத்துக் காருக்கு மேற்பூச்சில்லாத ஒற்றைப் பூச்சுதான் பொருந்தும். மேற்பூச்சின் கண்ணாடிப் பளபளப்பு வயதைப் பொய்யாக்கும் என்பது என் கட்சி. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பழைய எனாமல்மேல் செல்லுலோஸ் பூச்சை அடித்தால் அதன் தின்னர் அடியிலிருப்பதைச் சுருக்கிக் கிளப்பிவிடும்.

நிறம் முடிவாகுமுன் அடிப்பூச்சு அடித்த தகட்டை நீர் தெளித்து நனையுங்கள். ஈரத்தில் குழல்விளக்கின் பிம்பம் கோடாக விழும். கோடு நெளிந்தால், நெளிசலைக் காட்டிக்கொடுக்கும் கறுப்பு வேண்டாம், அல்லது மறுபடி டாலியைக் கையில் எடுங்கள்.