லைசென்ஸ்: உரிமமா, இசைவா?

ஒருவர் தாம் இயற்றிய பாடலையோ இசைக்கோவையையோ திரைப்படம், விளம்பரம், இணையத்தொடர், குறும்படம் ஆகியவற்றில் பயன்படுத்திக்கொள்ளும்படி, குறித்த காலத்துக்கும் குறித்த தேவைக்கும் மட்டும் எழுத்து மூலம் இடங்கொடுப்பதை இசைத்துறையினர் ‘லைசென்ஸ்’ கொடுப்பது என்கிறார்கள். பாட்டு இயற்றியவருடையதாகவே இருக்கும். வாங்குபவருக்குச் சேர்வது அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீட்டு அறையில் கணினியை வைத்து இசையமைத்து, சென்னை, மும்பை நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு இசைத்தொகுப்பகங்களுக்கும் அனுப்பும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். ஒரு பாட்டு தேர்வாகிப் பணம் வந்ததும் ‘பாட்டு வித்துப்போச்சு’ என்று வீட்டில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. விற்பதும் லைசென்ஸ் கொடுப்பதும் வேறுவேறு என்பதால், இந்தச் சொல்லின் வேரைப் பார்ப்பது தேவையாகிறது.

லத்தீனில் ‘லிசேரே’ என்ற வினைக்குத் தடையின்றி இருத்தல், அனுமதிக்கப்பட்டிருத்தல் என்பது பொருள். அதிலிருந்து ‘லிசென்ஷியா’ பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஓய்வைக் குறிக்கும் ‘லெஷர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் கிளைத்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். வேலையிலிருந்து விடுபட அனுமதிக்கப்பட்ட நேரம் அது. ஆக, லைசென்ஸ் என்ற சொல்லின் உள்ளே இருப்பது ‘செய்துகொள், தடையில்லை’ என்னும் அனுமதிப் பொருளே. பொருள் யாருடையது என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் பேசுவதில்லை.

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் உரிமம். ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம் என்று அரசு அலுவலகங்களில் நாள்தோறும் புழங்குவதால் இதைப் புதுச்சொல் என்று யாரும் எண்ணுவதில்லை. இதன் அடி ‘உரி’. உரியவர், உரிமை, உரித்து என எல்லாமே ஒன்று ஒருவரைச் சார்ந்ததாக இருப்பதைச் சொல்பவை. ‘வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்’ என்னும் 518ஆவது குறளில், ஒரு வினைக்குத் தகுதியானவனை ஆராய்ந்து, அதை அவனுடைய பொறுப்பாகவே ஆக்கிவிடும்படி சொல்லப்படுகிறது. இங்கேதான் சிக்கல் எழுகிறது: லத்தீன் வேர் அனுமதியைச் சொல்ல, தமிழ் வேர் உடைமையின் பக்கம் சாய்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் இதனால் குழப்பம் நேர்வதில்லை; சாலை தம்முடையது என்று எந்த ஓட்டுநரும் நினைப்பதில்லை. பாட்டுக்கு வரும்போது, ‘உரிமத்தைக் கொடுத்துவிட்டேன்’ என்பது ‘உரிமையைக் கொடுத்துவிட்டேன்’ என்று காதில் விழுகிறது. சிலர் அப்படியே கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள்.

பொருளால் லைசென்ஸுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இசைவு என்பது என் கருத்து. இசைதல் என்றால் உடன்படுதல். கல்வெட்டுத் தமிழில் உடன்பாட்டு ஆவணத்துக்கு இசைவுத்தீட்டு என்ற பெயர் உண்டு. செட்டிநாட்டாருக்கு இதை விளக்கவே தேவையில்லை: நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் உடன்பட்டு எழுதிக்கொள்ளும் பதிவுக்கு இசைகுடிமானம் என்பதுதான் இன்றும் பெயர். அதில் வரும் ‘இசை’ நாயனத்தைக் குறிப்பதன்று, சம்மதத்தைக் குறிப்பது. ஆயினும் ஓட்டுநர் உரிமம் வரை வேரூன்றிவிட்ட ஒரு சொல்லை மாற்றச் சொல்வது வீண்வேலை. எழுதித் தரும் ஆவணத்தை உரிமம் என்றும், அதன் வழியே நாம் கொடுப்பதை இசைவு என்றும் வழங்கினால் போதும். உடைமையையே மாற்றித் தருவதற்கு, சட்டத்தில் ‘அசைன்மென்ட்’ எனப்படுவதற்கு, உரிமை மாற்றம் என்ற சொல் இருக்கிறது. செட்டிநாட்டுப் பேச்சில் சொன்னால் அது கிரயம்.

கிரயத்துக்கும் இசைவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரைக்குடியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1907இல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், திரைப்படத்துக்கு வருமுன் கிராமபோன் இசைத்தட்டு வணிகம் செய்தவர். பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் பதியவும் ஒலிபரப்பவும் உள்ள உரிமை ஏற்கெனவே ஒரு வணிகரிடம் கைமாறியிருந்தது. அவரிடமிருந்து மெய்யப்பச் செட்டியார் அதை விலைக்கு வாங்கினார். காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவை ஒட்டி அவர் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் உருவாகி 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில், டி.கே. பட்டம்மாள் குரலில் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ ஒலித்தது. உரிமை முழுவதும் கிரயமாகிவிட்டிருந்ததால், அந்தப் பாடல்களை இசைத்தட்டில் யார் பதியலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் கவிஞரின் குடும்பம் இல்லை; வாங்கியவர் இருந்தார். பின்னர் 1949இல் அரசு பாரதியின் உரிமைகளை ஏற்க முன்வந்தபோது, அவர் தம் வசமிருந்ததை ஈடு எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பாடல்கள் பொதுவுக்கு வந்தது நல்ல முடிவுதான் என்றாலும், எல்லா உரிமையும் இவ்வளவு நல்ல கைகளுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க இயலாது.

இப்போது கிளைச்சொற்கள். ஒரு பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதற்குத் தரும் இசைவை ‘சிங்க் லைசென்ஸ்’ என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘சின்’ என்பது உடன், ‘குரோனோஸ்’ என்பது காலம். ஒரே காலத்தில் நிகழச் செய்வது என்று பொருள். ஒத்திசைவு உரிமம் என்று தமிழில் சொல்லலாம். பதிவு செய்யப்பட்ட ஒலியைப் பயன்படுத்த வேறோர் உரிமம் வேண்டும். அதை ‘மாஸ்டர் லைசென்ஸ்’, அதாவது மூலப்பதிவு உரிமம் என்பார்கள். இரண்டும் ஏன் தனித்தனி என்றால், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டு இசைப்படைப்பு, பாடல் வரிகள் இலக்கியப் படைப்பு, பதிவு செய்த ஒலி மூன்றாவதாக ஒலிப்பதிவு. ஒரு பாட்டுக்குள் மூன்று உடைமைகள் அடங்கியிருக்கின்றன. (பதிப்புரிமை என்பதற்குப் பதிலாகக் காப்புரிமை என்று எழுதுவோர் பலர். ‘பேடண்ட்’ என்பதற்கும் அதே சொல்லை ஆள்வதால், பாட்டைப் பற்றிப் பேசும்போது பதிப்புரிமை என்பதே தெளிவு.)

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டைப் படப்பிடிப்புக்கு விடும்போது, அதில் பங்குள்ள பங்காளிகள் அனைவரும் சம்மதிக்க வேண்டியிருப்பது போல, மெட்டமைத்தவர், வரி எழுதியவர், பதிவுக்குப் பணம் போட்டவர் என எல்லோருடைய இசைவும் கையில் இருந்தால்தான் பாட்டை அனுப்பலாம். அனைத்துப் பங்கையும் ஒருவரே பேசி முடிக்கக்கூடிய நிலையை நிறுவனங்கள் ‘ஒன் ஸ்டாப்’ என்று விரும்பிக் கேட்கின்றன. ஆகவே யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை, பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது.

அனுப்பும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால், சுருக்கப்படாத வேவ் கோப்பு, குரலற்ற இசைவடிவம், கருவிவாரியாகப் பிரித்த ‘ஸ்டெம்’ கோப்புகள் ஆகியவற்றோடு, படைத்தோர் பெயர், பங்கு, தொடர்பு விவரம், பதிவுக்கான பன்னிரண்டு எழுத்தெண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்ப வேண்டும். பாட்டு பயன்படும்போது படைத்தோருக்குச் சேரவேண்டிய ராயல்டித் தொகையைத் திரட்டித் தரும், 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். ஆச்சி பாடிய தாலாட்டைப் புதிதாக இசையமைத்து அனுப்புவோர், மரபுப் பாட்டு தம்முடையது என்று எழுதக் கூடாது. தாம் அமைத்த இசையும் பதிவும் மட்டுமே தம்முடையவை.

ஒப்பந்தம் வந்தபின் சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. உரிமம் எழுத்தில் இருந்தாக வேண்டும், வாய்ச்சொல் போதாது. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் இடம்பெற்ற பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது சேரவேண்டிய ராயல்டியில் தமக்குரிய சமபங்கைக் கவிஞரும் இசையமைப்பாளரும், வாரிசுகளுக்கோ அதைத் திரட்டித் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல், வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது.

வெளிநாட்டு ஒப்பந்தங்களில் இந்தப் பாதுகாப்பை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. தலைப்பில் ‘லைசென்ஸ் அக்ரிமெண்ட்’ என்று இருந்தாலும், உள்ளே ‘அசைன்’ என்ற வினையோ ‘வொர்க் மேட் ஃபார் ஹயர்’ (கூலிக்குச் செய்து கொடுத்த படைப்பு) என்ற தொடரோ வந்தால் அது கிரயப் பத்திரம். ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றால் அதே பாட்டை வேறு யாருக்கும் தர முடியாது. ‘இன் பெர்பெச்சுவிட்டி’ என்றால் காலவரம்பே இல்லை. இவ்விரண்டும் ஒரே வரியில் சேர்ந்து வந்தால், பெயரளவில் உரிமமாக இருந்தாலும் பாட்டு கைவிட்டுப் போனதாகவே கொண்டு, அதற்கேற்ற விலையைக் கேட்க வேண்டும்.