பணம் போட்டாச்சு என்கிறார்கள், பாஸ்புக்கில் காணோம்

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு அக்கா. கண்மாய் வேலைக்குப் போன நூறு நாள் கூலி நான்கு மாதமாக வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், "போட்டாச்சும்மா, பேங்க்ல போய்ப் பாருங்க." வங்கியில் கேட்டால், "ஆதார் இணைச்சுத்தான் இருக்கு, பணம் வரலை, ஆபீஸ்ல கேளுங்க." இப்படி எட்டு நடை. கடைசியில் பணம் கிடந்தது தேவகோட்டையில் வேறொரு வங்கியில். மகள் பிரசவத்துக்குத் தோட்டை அடகு வைக்கப் போன இடத்தில், நகைக்கடன் தாள்களோடு ஒரு புதுக் கணக்கும் திறந்து நாலைந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தோட்டைத் திருப்பியதோடு அக்கா அந்தக் கணக்கையே மறந்துவிட்டார்.

அலுவலகம் சொன்னதும் பொய்யில்லை, வங்கி சொன்னதும் பொய்யில்லை. நடுவில் இருக்கும் விஷயத்தை இரண்டு பேரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த விஷயம் இது. ஆதார் நகலை நீங்கள் நான்கு வங்கியில் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆதார் எண்ணை வைத்து அரசு அனுப்பும் பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு என்.பி.சி.ஐ. என்ற நிறுவனம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கி உங்கள் எண்ணைப் பதிந்ததோ, பணம் அங்கேதான் போகும். 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் கூலிக்கு இந்த வழி கட்டாயமானது. விவசாயிகளுக்கு வரும் வருடம் 6,000 ரூபாயும் ஆதார் வழியாகத்தான் வருகிறது.

ஆகவே வங்கியில் "ஆதார் இணைச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கு என்பார்கள், உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அரசு மானியம் வருவதற்கு என்.பி.சி.ஐ.-யில் என் ஆதார் உங்கள் வங்கிக்குப் பதிவாகியிருக்கா?" என்று கேளுங்கள். கூட்டமாக இருக்கும், சிடுசிடுப்பார்கள். இருந்தாலும் கணினியில் பார்த்துச் சொல்லும்வரை நகராதீர்கள்.

நீங்களே பார்க்கவும் வழி உண்டு. ஆதார் இணையதளத்தில் 'மை ஆதார்' பகுதிக்குள் போனால், வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம். வங்கியின் பெயர் தெரியும், கணக்கு எண் தெரியாது. ஆனால் உள்ளே போக, ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். இங்கேதான் நம்மூர்ப் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து வருடம் முன்னால் பதிந்த நம்பர் மகனுடையது, அவர் சிங்கப்பூரில். இல்லை, ரீசார்ஜ் பண்ணாமல் போன நம்பர். அப்படியானால் முதல் வேலை நம்பரை மாற்றுவது. அதற்கு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்கத்தான் வேண்டும் என்றில்லை. 2021 முதல் தபால்காரர் மூலமாகவும் மாற்றலாம். தபாலாபீசில் கேளுங்கள், சிறு கட்டணம் உண்டு.

பணம் வேறு வங்கிக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டதா? முதலில் அந்தக் கணக்கில் கிடப்பதை எடுங்கள். அப்புறம் உங்களுக்கு வேண்டிய வங்கியில் மானிய இணைப்புக்கான ஒப்புதல் படிவம் கேளுங்கள். 'வேறு வங்கியிலிருந்து மாற்றுக' என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரை எழுத வேண்டும். பலர் இதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், மறுபடி அலைகிறார்கள். படிவத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "சிஸ்டத்துல ஏறிடும், போங்க" என்பது ரசீது ஆகாது.

சுயஉதவிக்குழுக் கடனோ, நகைக்கடனோ, புதிதாகக் கணக்குத் திறக்கும் எந்த இடத்திலும் கையெழுத்துக்கு முன், "மானியம் இந்தக் கணக்குக்கு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 2017-இல் சிம் கார்டுக்காக ரேகை வைத்தவர்கள் பேரில் கேட்காமலே கணக்குத் திறந்து, எரிவாயு மானியம் லட்சக்கணக்கானவர்களுக்கு அதில் போய் விழுந்தது. அப்படி இருந்தும் நாம் இன்னும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

கைரேகை மிஷினோடு ஊருக்குள் வருபவரிடம் பணம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வருடக்கணக்காகச் சிமெண்டில் கை வைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ஒரு பெரியம்மா விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ஏழு தடவை வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், முந்தின தடவையில் பணம் எடுபட்டதா என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவைக்கும் சீட்டு கேளுங்கள். விழவில்லை என்றாலும் சீட்டு வரும். கருவிழிப் பதிவும் முகப் பதிவும் ஆதாரில் உண்டு. விரல் விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அரசு உதவியை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கவுண்டரில் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. செயலிக்கு மேல் செயலி செய்யச் செலவழிக்கிறார்கள். "உங்கள் கூலி இந்தத் தேதியில் இந்த வங்கிக்குப் போனது" என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்ட என்ன செலவாகும்? ஒரு கட்டுக் காகிதம். அந்த அக்காவுக்கு எட்டு நடையும் மிச்சமாகியிருக்கும்.

இதற்குப் பிறகும் இழுத்தடித்தால் எழுத்தில் கொடுங்கள். வங்கி என்றால் முதலில் வங்கிக்கே புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. அலுவலகம் என்றால் முதலமைச்சர் உதவி எண் 1100, அல்லது திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள். மனுவில் கதை வேண்டாம். எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த வங்கிக்கு அனுப்பினீர்கள் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பாஸ்புக்கின் கடைசிப் பக்க நகலையும், முத்திரை வாங்கிய அந்தப் படிவ நகலையும் சேர்த்துப் பின் போட்டுக் கொடுங்கள். மனு எண் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.