தான்சாக்: செல்வமும் இல்லை, கீரையும் இல்லை

போன மாதம் மளிகைக் கடையில் ஒரு மசாலா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், ஈரானிலிருந்து வந்து குஜராத்தில் குடியேறிய பார்சிகளின் புகழ்பெற்ற பதார்த்தமான தான்சாக்கின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. பின்பக்கம் தமிழில் 'செல்வக் கீரைக் கறி மசாலா' என்று அச்சிட்டிருந்தார்கள். அதே கருத்தை ஒரு தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "தன் என்றால் செல்வம், சாக் என்றால் கீரை" என்று பாடம் நடத்திவிட்டு, கீரையே இல்லாத ஒரு குழம்பைக் கிண்டினார் அந்த அம்மணி. அதற்கு முன்பு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்முறையிலும் இதே விளக்கம்தான். மூன்று முறை ஆகிவிட்டதால் இனி பொறுப்பதற்கில்லை.

முதலில் பண்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து வகைப் பருப்பைக் காய்களோடு குழைய வேகவைத்து, கடைந்து, மசாலாவும் கறியும் சேர்த்துக் கொதிக்கவைப்பது. பார்சி வீடுகளில் பெரும்பாலும் ஆட்டுக்கறிதான் போடுவார்கள். கோழி போடுவது அவசரக்காரர்களின் வழி, என் வழியும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போவதற்கென்று ஏற்பட்ட சாப்பாடு.

பெயர் குஜராத்தி. தான் + ஷாக். பார்சிகள் பேச்சில் 'சாக்' என்பார்கள். குஜராத்தியில் 'தன்' என்றால் செல்வம், 'தான்' என்றால் தானியம். இரண்டும் வேறு சொற்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது குறிலும் நெடிலும் ஒரே எழுத்தில் அடங்கிவிடும், அந்த மொழியின் கஷ்டம் அது. தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லையே! நம் எழுத்தில் வர்க்க எழுத்துகள் கிடையாது, சரி. ஆனால் குறில் நெடில் கணக்கில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கையில் கால் வாங்கத் தெரிந்த எழுத்தை வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தைப் பார்த்து 'தன்சாக்' என்று எழுதுகிறோம். ஒரு துணைக்கால் விழுந்ததும் தானியம் போய்ச் செல்வம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தச் செல்வம் இந்தப் பண்டத்துக்கு எவ்வளவு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பார்சி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மூன்று நாள் மாமிசம் கிடையாது. நான்காம் நாள் அந்த விரதத்தை முடிப்பது தான்சாக்கை வைத்துத்தான். அதனாலேயே கல்யாணத்துக்கும் அவர்களின் புத்தாண்டான நவ்ரோஸ் பண்டிகைக்கும் இதைச் சமைக்க மாட்டார்கள். சாதாரண ஞாயிறன்று தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல நாளில் மட்டும் கூடாது. அந்தப் பண்டத்தின் தலையில் 'செல்வம்' என்று மங்கலமாக எழுதி விற்கிறார்கள். நாளைக்கே யாராவது கிரகப்பிரவேசத்துக்கு அந்த பாக்கெட்டைச் சீர்த்தட்டில் வைத்தாலும் வைப்பார்கள்.

அடுத்தது கீரை. பெரிய தகராறே இதில்தான். சாகம் என்ற வடசொல்லுக்கு நம் அகராதிகள் கீரை, இலைக்கறி என்று பொருள் தரும். இந்தியில் அது 'சாக்' என்று தேய்ந்து பெரும்பாலும் கீரையையே குறிக்கிறது. கடுகுக்கீரையைக் கடைந்து மக்காச்சோள ரொட்டியோடு தின்கிறார்களே பஞ்சாபியர், அது இந்தச் சாக்தான். ஆனால் குஜராத்தியில் அதே சொல் வேறு வழியில் போய்விட்டது. அங்கே சமைத்த காய் எதுவும் 'ஷாக்'. உருளைக்கிழங்கும் ஷாக், வெண்டைக்காயும் ஷாக். அவர்களுடைய அன்றாடச் சாப்பாட்டுக்கே 'தாள், பாத், ஷாக், ரோட்லி' என்றுதான் பெயர், அதாவது பருப்பு, சோறு, கறி, ரொட்டி. கீரைக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பாஜி'. வெந்தயக் கீரை 'மேதி நீ பாஜி'. ஆக, பெயரில் கீரைதான் முக்கியம் என்றால் இதை 'தான்பாஜி' என்றல்லவா கூப்பிட்டிருப்பார்கள்?

குஜராத்திச் சொல்லை இந்திக் கண்ணாடி போட்டுப் படிப்பதால் வரும் கோளாறு இது. விந்தியத்துக்கு வடக்கே எல்லாம் ஒரே மொழி என்ற நினைப்பு நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு. நாம் பேசுவதை 'மதராசி' என்று யாராவது சொன்னால் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு வருவோம்.

எதிர்க்கட்சிக்கு ஒரு வாதம் உண்டு, மறைக்கவில்லை. தான்சாக்கில் வெந்தயக் கீரை ஒரு பிடி விழும். கொத்தமல்லி, புதினாவும் விழும். "அப்போது கீரைக் கறி என்பதில் என்ன தப்பு?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். ரசத்திலும்தான் கொத்தமல்லி போடுகிறோம், அதற்காக ரசத்தைக் கீரைத் தண்ணீர் என்று சொல்கிறோமா? சொல்லளவிலும் அந்த வாதம் நிற்காது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவரை நம் தாத்தாக்கள் 'சாகபட்சிணி' என்பார்கள். அவர் வெறும் கீரையைத் தின்று காலம் தள்ளியவர் என்று யாரும் நினைத்ததில்லை. அந்தச் சாகம்தான் இந்தச் சாக்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் படித்தவர்கள். "தான் என்றால் தானியம், இங்கே அது பருப்பைக் குறிக்கும், ஆகவே பருப்புக் காய்க் கறி" என்பது இவர்கள் கட்சி. பலரும் எழுதும் விளக்கம் இது. கேட்க ஒழுங்காகவும் இருக்கிறது. எனக்கு மட்டும் இது முழுதாக ஒட்டவில்லை. குஜராத்தியில் பருப்பு, பயறு வகைகளுக்கு 'கட்டோள்' என்று தனிச் சொல்லே உண்டு. அது மட்டுமல்ல, பார்சிகளின் நல்ல நாள் சாப்பாட்டுக்கு 'தான் தார் நே பாட்டியோ' என்று பெயர். தார் என்பது பருப்பு. பாட்டியோ மீனோ இறாலோ போட்ட புளிப்பும் இனிப்புமான தொக்கு. அப்போது முதலில் நிற்கும் தான்? இலையில் மீதியிருப்பது வெள்ளைச் சோறுதான். அதே வீட்டில், அதே அடுப்படியில், ஒரு நாள் சோற்றைக் குறித்த சொல் மறுநாள் பருப்பைக் குறிக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. தான்சாக் என்பது சோறும் அதற்குத் தொட்டுக்கொள்வதும் சேர்ந்த முழுத் தட்டின் பெயர் என்பதே என் கட்சி. அப்படிப் பார்த்தால் வேடிக்கை என்னவென்றால், பெயரில் பருப்பும் இல்லை, கோழியும் இல்லை.

எங்கள் தென்மாவட்டத்தில் இதற்கு நல்ல சொல் உண்டு: வெஞ்சனம். "சோறு இருக்கு, வெஞ்சனம் என்ன?" என்று கேட்பார்கள். குஜராத்தி ஷாக்கின் இடத்தில் அச்சாகப் போய் உட்காரும் சொல். வெஞ்சனமும் வியஞ்சனத்திலிருந்து வந்த வடசொல்தானே என்று தனித்தமிழ்க்காரர்கள் கொடி பிடித்தால், தொடுகறி என்று வைத்துக்கொள்ளட்டும். 'கறி' என்று மட்டும் சொன்னால் இங்கே ஒரு வீட்டில் அது வாழைக்காய், அடுத்த வீட்டில் அது ஆடு. சங்க காலத்துக்குப் போனால் மிளகு. அந்த வம்பு வேண்டாம்.

சமைத்துப் பார்த்தால் இன்னும் சில மொழிபெயர்ப்புக் கோளாறுகள் வாயிலேயே தட்டுப்படும். நான் முதல் தடவை செய்தபோது செய்முறையில் 'சாம்பார் மசாலா இரண்டு தேக்கரண்டி' என்று இருந்தது. நம் வீட்டுச் சாம்பார்பொடியைப் போட்டேன். கொதி வந்ததும் அடுக்களை முழுக்கக் கல்யாணப் பந்தி வாசனை. கோழி மட்டும் பந்தியில் வழி தவறி வந்து உட்கார்ந்ததுபோல் முழித்தது. பார்சிகளின் சாம்பார் மசாலா வேறு சரக்கு. மிளகாய், வெந்தயம், கடுகு, பெருங்காயம் எல்லாம் பொடித்து எண்ணெய் விட்டுப் பிசறி வைப்பது அது. பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது.

சோற்றுக்கும் அதே கதி. கூடப் பரிமாறும் பழுப்புச் சோற்றை 'கைக்குத்தல் அரிசிச் சாதம்' என்று எழுதியிருந்தார்கள். அரிசி சாதாரண வெள்ளை அரிசிதான். வெங்காயத்தைச் சிவக்க வறுத்து, சர்க்கரையைக் கருக விடாமல் பாகாய்க் காய்ச்சி, பட்டை கிராம்போடு வேகவைப்பதால் நிறம் மாறுகிறது. உடம்புக்கு நல்லது என்று நம்பி யாராவது சாப்பிட்டிருந்தால் அவர்கள் பாடு.

மிச்சம், 'பாரசீகக் கோழிக் குழம்பு' என்று எழுதுகிறவர்கள். பார்சி வேறு, பாரசீகம் வேறு. அவர்களின் முன்னோர் ஈரானை விட்டுக் குஜராத்தின் சஞ்சான் கரையில் இறங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. பெயரே குஜராத்தியாக இருக்கும் பண்டத்தைத் திரும்ப ஈரானுக்குக் கப்பலேற்றுவது என்ன நியாயம்? கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது ஆள் இல்லையா என்றால், சென்னை ராயபுரத்திலேயே 1910-இல் கட்டிய பார்சி அக்னிக் கோயில் இருக்கிறது. லண்டன் உணவகங்கள் தான்சாக்கில் அன்னாசிப்பழம் போட்டதையாவது மன்னிக்கலாம், அவர்கள் கெடுத்தது குழம்பை மட்டும்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பெயர் பெயராகவே இருக்கட்டும். இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. தான்சாக், நெடிலோடு. விளக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், செய்யும் வேலையைப் பார்த்துச் சொல் தேட வேண்டும். போன ஞாயிறு அரை கப் துவரம் பருப்போடு மைசூர்ப் பருப்பு, பாசிப் பருப்பு, கடலைப் பருப்பு மூன்றையும் இரண்டிரண்டு கரண்டி போட்டு, ஒரு கீற்றுப் பரங்கிக்காய், இரண்டு கத்தரிக்காய், அந்தச் சர்ச்சைக்குரிய வெந்தயக் கீரை எல்லாம் சேர்த்துக் குக்கரில் வைத்தேன். திறந்ததும் பாட்டி காலத்து மத்தை எடுத்துக் கடைந்தேன். முதலில் கத்தரித் தோல் மத்தில் சுற்றிக்கொண்டது. பிறகு பரங்கி கரைந்து மஞ்சள் ஏறியது. ஐந்து நிமிடத்தில் எது பருப்பு எது காய் என்று சொல்ல முடியவில்லை. தனியாக வதக்கிய முக்கால் கிலோ கோழியும் புளித்தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் அதற்குப் பிறகுதான். இந்த வேலைக்குக் கொங்கு நாட்டில் கடைசல் என்று பெயர். ஆகவே 'கோழி போட்ட பருப்புக் கடைசல்'. கூட்டு என்று சொல்லலாமே என்று தோன்றும். கூட்டில் காய் காயாகத் தெரிய வேண்டும், இதில் தெரியக்கூடாது. தால்சா இன்னும் பக்கத்தில் வரும், ஆனால் அது பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் வாழ்க்கைப்பட்டது. அதை இங்கே இழுத்துவர வேண்டாம்.

மீந்த மசாலாவை டப்பாவில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி, 'தான்சாக்' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். அம்மாவுக்குப் புள்ளி கண்ணில் படவில்லை. "தான் சாக" என்று உரக்கப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தான் சாக மருந்து தின்பார் உண்டான்னு கேப்பாங்க. நீ டப்பாவிலேயே எழுதி வைக்கிறியே!" நான்காம் நாள் விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் பார்த்தால் என் சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது. அம்மாவின் கையெழுத்தில், 'கோழிப் பருப்புப் பொடி'.