எக்ஸ்ரேயில் தெரியாத கற்களும் ஏபிஆர்டி நொதிக் குறைபாடும்

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கலந்தவை என்பதால் எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அல்ட்ராசவுண்டிலும் சி.டி. ஸ்கேனிலும் தெரிகிற கல், எக்ஸ்ரேயில் மட்டும் தெரியவில்லை என்றால் அதை யூரிக் அமிலக் கல் என்று கருதி, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிட்ரேட் மருந்தைக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் மருந்தை ஒழுங்காகக் குடித்த பிறகும் கல் கரையாமல், ரத்தத்தில் யூரிக் அமிலமும் இயல்பான அளவிலேயே இருந்து, அகற்றிய பின்னும் கல் மீண்டும் மீண்டும் உருவாகிறது என்றால், வேறொரு நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் பரம்பரையாக வரும் ஏபிஆர்டி நொதிக் குறைபாடு.

அடினின் பாஸ்போரிபோசில்டிரான்ஸ்ஃபெரேஸ் என்பது இந்த நொதியின் முழுப் பெயர். நம் செல்களின் மரபணுப் பொருளுக்குக் கட்டுமானக் கூறுகளான ப்யூரின்களை உடல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிப்பதில்லை. பயன்படுத்தி முடிந்தவற்றை மீட்டெடுத்துத் திரும்பவும் உபயோகிக்கிறது. பாலிஅமைன் என்ற பொருள்கள் உருவாகும்போது உடலுக்குள் வெளியாகும் அடினின் என்ற ப்யூரினையும், உணவிலிருந்து வரும் கொஞ்சம் அடினினையும் ஏஎம்பி என்ற பயனுள்ள மூலக்கூறாக மாற்றுவது இந்த நொதியின் வேலை. நொதி செயல்படாதபோது தேங்கும் அடினின், சாந்தின் ஆக்சிடேஸ் என்ற வேறொரு நொதியிடம் சிக்கி 2,8-டைஹைட்ராக்சி அடினினாக மாறிவிடுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற முயல்கிறது. ஆனால் அந்தப் பொருள் சிறுநீரில் கரைவதே அரிது. சிறுநீர் அமிலமாக இருந்தாலும் காரமாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. சிட்ரேட் மருந்து இங்கே தோற்றுப்போவதற்கு அதுவே காரணம்.

ப்யூரின் மீட்புப் பணியில் ஈடுபடும் இன்னொரு நொதியான எச்பிஆர்டி குறைந்தால் வருவது, 1964-இல் விவரிக்கப்பட்ட லெஷ்-நைஹான் நோய். அதில் யூரிக் அமிலம் மிகுதியாகும், கை கால் அசைவுகள் கட்டுப்பாட்டை இழக்கும், குழந்தை தன் உதட்டையும் விரல்களையும் தானே கடித்துக்கொள்ளும். எனவே ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்பது யாருக்கும் புரிந்துவிடும். ஏபிஆர்டி குறைபாட்டில் மூளைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, வளர்ச்சியும் அறிவும் இயல்பாகவே இருக்கின்றன. கேடு முழுவதும் சிறுநீரகத்துக்குத்தான். வெளியே எந்த அடையாளமும் இல்லாததால்தான் இது இத்தனை காலம் கண்ணில் படாமல் தப்பிக்கிறது என்பது என் எண்ணம்.

கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். எந்த முறையில் ஆய்வு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பழைய வேதிப் பரிசோதனைகளில் டைஹைட்ராக்சி அடினினும் யூரிக் அமிலமும் ஒன்றுபோலவே விடை தரும். அகச்சிவப்பு நிறமாலை முறையில்தான் இரண்டும் பிரிந்து தெரியும். இந்த நோய் கற்களோடு சேர்த்து முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1974-இல், பிரான்சில். அதன் பிறகு ஜப்பான், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் அதிகமான நோயாளிகள் பதிவாயினர். மற்ற நாடுகளில் நோயே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தேடுகிற இடத்தில்தான் கிடைக்கிறது.

தேடுவதற்குப் பெரிய கருவி தேவையில்லை என்பதைத்தான் நான் மருத்துவ மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புதிதாகக் கழித்த சிறுநீரைச் சுழற்றி, அடியில் படியும் வண்டலில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், கருமையான விளிம்பும் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் விரியும் கோடுகளும் கொண்ட பழுப்பு நிற உருண்டைகள் தெரியும். தளவிளைவுற்ற ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி) பார்த்தால் சிறிய உருண்டைகளின் நடுவே சிலுவை வடிவம் ஒளிரும். ‘படிகங்கள் உள்ளன’ என்று மட்டும் எழுதி அறிக்கையை முடித்துவிட்டால் இந்த நோய் அங்கேயே நழுவிவிடும். சந்தேகம் எழுந்த பிறகு, சிவப்பணுக்களில் நொதியின் செயல்பாட்டை அளந்தோ, மரபணுவைச் சோதித்தோ உறுதி செய்யலாம். அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டவருக்கு நொதிப் பரிசோதனை பொய்யாக இயல்பு என்று காட்டக்கூடும், ஏனென்றால் அளக்கப்படுவது கொடையாளரின் நொதி.

கைக்குழந்தையின் டயப்பரில் செம்பழுப்பு நிறக் கறை படிவதில் நோய் தொடங்கலாம். நடுவயதில் முதல் கல்லோடும் தொடங்கலாம். கல்லே வராமல், படிகங்கள் சிறுநீரகத் திசுவுக்குள் படிந்து மெல்ல மெல்லச் செயலிழப்புக்குக் கொண்டுபோவதும் உண்டு. சிலருக்கு நோய் தெரியவருவது மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகுதான். புதிய சிறுநீரகத்திலும் படிகங்கள் சேர, பயாப்ஸியில் அவற்றை ஆக்சலேட் என்ற வேறு வகைப் படிகம் என்று தவறாக எண்ணிவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

இத்தனைக்கும் இதற்கு மருந்து உண்டு, அதுவும் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் உள்ள மருந்து. யூரிக் அமிலம் மிகுந்து வரும் கீல்வாதத்துக்குத் (கவுட்) தரும் அலோபியூரினால், சாந்தின் ஆக்சிடேஸ் நொதியைத் தடுத்து டைஹைட்ராக்சி அடினின் உருவாவதையே நிறுத்துகிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஃபெபுக்சோஸ்டாட் இருக்கிறது. கூடவே தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். மாத்திரையை வாழ்நாள் முழுவதும் விடாமல் சாப்பிட வேண்டும், வேலை செய்கிறதா என்பதை வண்டலில் படிகங்கள் மறைவதைக் கொண்டு கணிக்கலாம். நடைமுறையில் வருகிற சிக்கல் வேறு: “எனக்கு யூரிக் அமிலம் சரியாகத்தானே இருக்கிறது, இந்த மாத்திரை எதற்கு?” என்று நோயாளியே கேட்டு நிறுத்திவிடுகிறார், இல்லையென்றால் வேறு காரணத்துக்காகப் பார்க்கும் மருத்துவர் அந்த ரத்த அறிக்கையைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறார். நோயின் பெயரை எழுதிய சீட்டு ஒன்றைக் கையோடு வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். மாத்திரை தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்று, அதை உடல் நிராகரிக்காமல் இருக்க அசதியோபிரின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவ்விரண்டு மருந்துகளும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையின் ரத்த உற்பத்தி அபாயகரமாகக் குறையும்.

நோய் வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். ஒன்றை மட்டும் சுமக்கும் பெற்றோருக்குக் கல் வருவதில்லை. ஆனால் நோயாளியின் உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தொந்தரவே இல்லாதவரும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. நோய் உறுதியானால் வலி வரும் வரை காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிடலாம். அண்ணனுக்கோ தங்கைக்கோ சிறுநீரகம் கொடுக்க முன்வரும் உடன்பிறந்தவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கக் கூடாது.